ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கும் இதய நோயாளிகளும் வயிறு, குடல் ரத்தக்கசிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டென்ட் (அடைத்த இதய ரத்தக்குழாயை விரித்து வைக்கும் கம்பிவலை) வைத்தவர்கள், செயற்கை வால்வு பொருத்தியவர்கள், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் தாறுமாறான இதயத் துடிப்பு உள்ளவர்கள் ஆகியோரில் பெரும்பாலோருக்கு ரத்தம் கட்டிவிடாமல் இருக்க மாத்திரை தரப்படுகிறது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்கும் அதே மாத்திரைதான் வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசியவும் வழிவிடுகிறது. இதில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. மலம் கருப்பாகப் போவதைப் பல நாள் கண்டுகொள்ளாமல் விடுவது ஒன்று. பயந்துபோய் எல்லா மாத்திரையையும் தானாகவே நிறுத்திவிடுவது இன்னொன்று. உயிரைப் பறிப்பதில் இரண்டாவது முதலாவதற்குக் குறைந்ததில்லை.

இந்த மாத்திரைகள் ரத்தத்தைத் தண்ணீர் போல ஆக்கிவிடுமா?

ஆக்காது. பேச்சுவழக்கில் பிளட் தின்னர் என்றாலும் ரத்தத்தின் அடர்த்தி அப்படியேதான் இருக்கும். உறையும் வேகம்தான் குறைகிறது. இவற்றில் இரண்டு வகை உண்டு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், பிரசுக்ரெல், டிகாக்ரெலார் ஆகியவை ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பவை. வார்ஃபரின், அசினோகூமரால், டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான், எடாக்ஸபான் ஆகியவை ரத்தத்தில் உள்ள உறைவுப் புரதங்களின் வேலையைக் குறைப்பவை. ஒருவர் எந்த வகை எடுக்கிறார் என்பது தெரியாமல் கீழே உள்ள பதில்கள் எதுவும் பயன்படாது. மாத்திரை அட்டையை எடுத்து, நிறுவனம் வைத்த பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் எத்தனையோ இடம் இருக்க, வயிறும் குடலும் ஏன் முதலில் கசிகின்றன?

இரைப்பையின் உட்சுவர் நாள் முழுவதும் அமிலத்தில் நனைந்தபடி இருக்கிறது. அதைக் காப்பது ஒரு வழவழப்பான படலம். அந்தப் படலம் ஊற புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் தேவை. தட்டணுக்களை அடக்கும் அதே செயலால் ஆஸ்பிரின் இந்தப் பொருளையும் குறைத்துவிடுகிறது. படலம் மெலிகிறது, அமிலம் சுவரை அரிக்கிறது, புண் உண்டாகிறது. புண்ணிலிருந்து கசியும் ரத்தத்தை அடைக்க வேண்டிய தட்டணுவும் வேலை செய்யாத நிலையில் இருக்கிறது. ஒரே மருந்து இரண்டு பக்கமும் அடிக்கிறது.

வயிற்றில் கரையாதபடி மேல்பூச்சு போட்ட ஆஸ்பிரின் பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். எரிச்சல் சற்றுக் குறையலாம். ரத்தக்கசிவு ஆபத்து குறைவதில்லை. குடலில் கரைந்தாலும் மருந்து ரத்தத்தோடு சுற்றி வந்து இரைப்பைச் சுவரை அடையத்தான் செய்கிறது.

வார்ஃபரினும் புதிய வகை உறைவுத் தடுப்பு மாத்திரைகளும் (டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான், எடாக்ஸபான்) பொதுவாகப் புண்ணை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் சிறு புண்ணோ, விரிந்த நுண்ணிய ரத்தக்குழாயோ, குடல் கட்டியோ கசியத் தொடங்கினால் அது நிற்காமல் ஓட இவை காரணமாகின்றன.

எல்லா மாத்திரைக்கும் ஒரே அளவு ஆபத்துதானா?

இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வுகளில், 150 மி.கி. டாபிகாட்ரானை இரண்டு வேளை எடுத்தவர்களுக்கும் (2009), ரிவராக்ஸபான் எடுத்தவர்களுக்கும் (2011) வார்ஃபரின் எடுத்தவர்களைவிட உணவுப்பாதைக் கசிவு அதிகமாக இருந்தது. அபிக்ஸபான் (2011) அதைக் கூட்டவில்லை. அதனால்தான் முன்பு வயிற்றில் ரத்தம் கசிந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பல மருத்துவர்கள் அபிக்ஸபானைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உலோக வால்வு வைத்தவர்களுக்கு இந்தத் தேர்வு கிடையாது. அவர்களுக்கு வார்ஃபரின் வகைதான்.

டாபிகாட்ரானில் இன்னொரு விஷயம் உண்டு. விழுங்கும் அளவில் நூற்றுக்கு ஏழு பங்குகூட ரத்தத்தில் சேர்வதில்லை. மீதி குடல் வழியாகவே கீழே இறங்குகிறது. பெருங்குடல் கசிவு இந்த மருந்தில் சற்று அதிகமாகத் தென்படுவதற்கு இது ஒரு காரணம்.

யாருக்கு ஆபத்து கூடுதல்?

முன்பு ஒருமுறை வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் போயிருந்தால் அதுவே எல்லாவற்றிலும் பெரிய அபாயக் குறி. அதற்கடுத்து வயது, குறிப்பாக 75-ஐத் தாண்டியவர்கள். சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள், மது அருந்துபவர்கள், ஸ்டீராய்டு அல்லது வலி மாத்திரை எடுப்பவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்கள் ஆகியோரும் இந்த வரிசையில் உண்டு. மனச்சோர்வுக்குத் தரப்படும் செர்ட்ரலைன், ஃபுளூவாக்ஸெட்டின், எஸ்சிட்டலோபிராம் போன்றவையும் தட்டணுவின் திறனைக் குறைக்கும். இதய மருத்துவரிடம் இந்த மாத்திரைகளைச் சொல்லாமல் விடுபவர்களே அதிகம். கட்டாயம் சொல்லுங்கள்.

சிறுநீரகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். புதிய மாத்திரைகள் ஓரளவாவது சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகின்றன, டாபிகாட்ரானில் பெரும்பகுதி அப்படித்தான். போன ஆண்டு சரியாக இருந்த அளவு இந்த ஆண்டு அதிகமாகிவிடலாம். கிரியாட்டினின் பரிசோதனையை ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்யுங்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பாதித்திருந்தால் இன்னும் அடிக்கடி. உதாரணமாக, வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் என்ற மூன்றில் இரண்டு பொருந்தினால், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கான அபிக்ஸபான் அளவு 5 மி.கி.யிலிருந்து 2.5 மி.கி.யாகக் குறையும், இரண்டு வேளை என்பது மாறாது. ஒன்று மட்டும் பொருந்தினால் குறைக்கக் கூடாது. பயத்தால் குறைத்த அளவு பக்கவாதத்தைத் தடுக்காது.

மலம் கருப்பாகப் போகிறது. அது ரத்தமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ கசியும் ரத்தம் வழியில் செரிமானமாகி நிறம் மாறும். தார் போலப் பளபளப்பான கருப்பு. ஒட்டும் தன்மை இருக்கும். ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் பீங்கானை விட்டு எளிதில் போகாது. நாற்றம் வழக்கமான மல நாற்றமாக இருக்காது, ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். தண்ணீர் பட்டு ஓரம் கரையும்போது சிவப்புச் சாயல் தெரியலாம். இப்படி மலம் போக 50 முதல் 100 மி.லி. ரத்தம் கசிந்தாலே போதும்.

இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கும் மலம் கருக்கும். அது பெரும்பாலும் கரும்பச்சையாக, உருண்டு திரண்டு, ஒட்டாமல் இருக்கும். அந்தத் தனி நாற்றம் இருக்காது. சந்தேகம் என்றால் இரும்பு மாத்திரையைக் குற்றம் சொல்லிக் காத்திருக்க வேண்டாம். அன்றே ஹீமோகுளோபின் பாருங்கள்.

சிவப்பு ரத்தம் போனால் கசிவு பெரும்பாலும் பெருங்குடலிலோ ஆசனவாயிலோ இருக்கும். ஆனால் சிவப்பு ரத்தத்தோடு மயக்கமும் வந்தால், மேலே வயிற்றிலேயே பெருக்கெடுத்து, கருக்க நேரமில்லாமல் இறங்கியிருக்கலாம். வாந்தியில் சிவப்பு ரத்தமோ காபித்தூள் போன்ற கருந்துகளோ வந்தாலும் அவசரம்தான்.

நிறம் எதுவும் மாறாமலே கசியுமா?

கசியும். தினம் சில மில்லிலிட்டர் கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. மாதக்கணக்கில் இரும்புச்சத்து வற்றி ரத்தசோகை வரும். இதய நோயாளிகளிடம் இது வேறு வேடத்தில் வரும். ஸ்டென்ட் வைத்த பிறகு இல்லாமல் இருந்த நெஞ்சு இறுக்கம் மாடிப்படி ஏறும்போது திரும்பவும் வருகிறது. மூச்சு வாங்குகிறது. கால் வீங்குகிறது. உடனே ஸ்டென்ட் அடைத்துவிட்டதோ என்று சந்தேகிப்பார்கள். ரத்தம் குறைந்ததால் இதயத்துக்கு ஆக்ஸிஜன் போதாமலும் அப்படி வரலாம். அதனால் நெஞ்சுவலி திரும்பினால் ஈசிஜியோடு ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும்.

மெட்டோப்ரலால், பிசோப்ரலால் போன்ற பீட்டா பிளாக்கர் எடுப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். ரத்தம் இழந்தால் நாடி வேகமாவதுதான் உடம்பின் முதல் எச்சரிக்கை. இந்த மாத்திரை அந்த எச்சரிக்கையை அமுக்கிவிடும். நாடி 70-ல் நிற்கிறது என்பதற்காகக் கசிவு சிறியது என்று நினைத்துவிடக் கூடாது. படுக்கையிலிருந்து எழும்போது கண் இருட்டினால் அதையே நம்புங்கள்.

முதல் நாள் எடுத்த ஹீமோகுளோபினும் ஏமாற்றும். வேகமாக ரத்தம் போகும்போது அணுக்களும் நீரும் சேர்ந்தே போவதால் அளவு சில மணி நேரம் சரியாகவே காட்டும். மறுபரிசோதனை தேவை.

ரத்தம் போவது தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

தார் போன்ற மலம், ரத்த வாந்தி, நிற்காத சிவப்பு ரத்தம், மயக்கம், வியர்த்துக் கொட்டுவது, நெஞ்சுவலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். தானே வண்டி ஓட்டிப் போகாதீர்கள். அடுத்த வேளை மாத்திரைக்கு நேரமாகிவிட்டால் அதை விழுங்காமல் கையில் கொண்டுபோய் அங்குள்ள மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வேளை சில மணி நேரம் தள்ளிப்போவது வேறு. வீட்டில் உட்கார்ந்து பத்து நாள் நிறுத்துவது வேறு.

கழுவும்போது இரண்டு சொட்டு சிவப்பு, பல் தேய்க்கும்போது ஈறில் கசிவு, கையில் சிறு நீலக் கன்றல் என்றால் மாத்திரையைத் தொடர்ந்தபடியே ஓரிரு நாளில் மருத்துவரைப் பாருங்கள்.

ஸ்டென்ட் வைத்து முதல் சில மாதங்களில் இரண்டு தட்டணு மருந்துகளையும் (ஆஸ்பிரினையும், குளோபிடோக்ரெல் போன்ற இன்னொன்றையும்) சேர்த்து நிறுத்துவதுதான் மிக ஆபத்தானது. உலோகக் கம்பிவலை மீது உட்புறத் தோல் மூடுவதற்குள் அதில் ரத்தம் கட்டினால் குழாய் முழுவதும் அடைத்துவிடும். எதை விடுவது, எதைத் தொடர்வது என்பதை இதய மருத்துவரும் குடல் மருத்துவரும் கலந்து முடிவெடுக்க வேண்டும்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

முதலில் நரம்பில் தடிமனான ஊசி இரண்டு போட்டு, ரத்த வகை, ஹீமோகுளோபின், சிறுநீரகம், ஐஎன்ஆர் (வார்ஃபரின் ரத்த உறைவை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதைக் காட்டும் அளவு) பார்ப்பார்கள். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இறங்கினால் ரத்தம் ஏற்றுவது பொது நடைமுறை. இதய நோய் உள்ளவர்களுக்கு 8-லேயே ஏற்றுவார்கள். தேவைக்கு மேல் ஏற்றினால் பலவீனமான இதயம் திணறும், நுரையீரலில் நீர் கோக்கும். அதனால் இன்னும் இரண்டு பாட்டில் போடுங்கள் என்று உறவினர்கள் வற்புறுத்த வேண்டாம்.

அமிலத்தைக் குறைக்கும் மருந்து நரம்பு வழியாகப் போகும். நிலைமை சற்றுச் சீரானதும், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள், எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பது) செய்வார்கள். கசியும் குழாயைக் கிளிப் போட்டு அடைப்பார்கள், அல்லது சூடு வைத்து மூடுவார்கள்.

வார்ஃபரினால் கசிவு கடுமையாக இருந்தால் வைட்டமின் கே ஊசி உண்டு; ஆனால் முழுப் பலன் தெரிய 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாதபோது உறைவுப் புரதங்கள் அடங்கிய புரோத்ராம்பின் காம்ப்ளெக்ஸ் செறிவை ஏற்றுவார்கள். சில நிமிடங்களில் பலன் தெரியும். டாபிகாட்ரானுக்கு இடருசிசுமாப் என்ற முறிமருந்து 5 கிராம். மற்ற புதிய மாத்திரைகள் சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் தாமாகவே வடிந்துவிடும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் அப்படியில்லை. அவை பட்ட தட்டணு சாகும்வரை செயலற்றே இருக்கும். புதிய தட்டணுக்கள் அந்த இடத்தை நிரப்ப ஏழு முதல் பத்து நாள் ஆகும்.

கசிவு நின்ற பிறகு மாத்திரையை எப்போது மறுபடி தொடங்குவது?

பலரும் நினைப்பதைவிடச் சீக்கிரமாக. 2010-ல் வெளியான ஹாங்காங் ஆய்வு ஒன்றைச் சொன்னால் புரியும். இதய, மூளை ரத்தக்குழாய் நோய்க்காக ஆஸ்பிரின் எடுத்து வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள் 156 பேர். எண்டோஸ்கோபியில் கசிவை நிறுத்தியதும் ஒரு பாதிக்கு ஆஸ்பிரினும் மறுபாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் தரப்பட்டன. ஒரு மாதத்தில் ஆஸ்பிரின் தொடர்ந்தவர்களில் 10.3 சதவீதம் பேருக்கு மறுபடி கசிந்தது, நிறுத்தியவர்களில் 5.4 சதவீதம். ஆனால் எட்டு வாரத்தில் இறந்தவர்கள், தொடர்ந்தவர்களில் 1.3 சதவீதம்; நிறுத்தியவர்களில் 12.9 சதவீதம். மறுகசிவுக்கு மருத்துவம் இருக்கிறது. மாரடைப்பில் போன உயிரைத் திருப்ப வழியில்லை.

இதய நோய் உறுதியானவர்களுக்கு ஆஸ்பிரின் பொதுவாக ஒன்று முதல் ஐந்து நாளுக்குள் திரும்பத் தொடங்கப்படும். வார்ஃபரின் மற்றும் புதிய மாத்திரைகள் பெரும்பாலும் ஒரு வாரம் கழித்து. உலோக வால்வு இருந்தால் அதற்கும் முன்பே ஹெபாரின் என்ற உறைவுத் தடுப்பு ஊசியில் ஆரம்பிக்க நேரலாம். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் "நிறுத்தவும்" என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தத் தேதியில் தொடங்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தத் தேதி இல்லாததால் மாதக்கணக்கில் மாத்திரை இல்லாமலே போய், பக்கவாதத்தோடு திரும்பி வருபவர்கள் உண்டு.

வயிற்றைக் காக்கும் மாத்திரையை எப்படி எடுப்பது?

பான்டோப்ரசோல், எசோமெப்ரசோல், ரபெப்ரசோல் போன்றவை அமிலச் சுரப்பைக் குறைப்பவை. இரண்டு தட்டணு மருந்து எடுப்பவர்கள், ஆஸ்பிரினோடு உறைவுத் தடுப்பு மாத்திரையும் எடுப்பவர்கள், முன்பு புண் வந்தவர்கள், வயது முதிர்ந்தவர்கள் ஆகியோர் இதை எடுப்பது நல்லது. வெறும் வயிற்றில், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். சாப்பிட்ட பிறகு எடுத்தால் பலன் குறையும். எரிச்சல் இருக்கும் நாளில் மட்டும் எடுப்பது ரத்தக்கசிவைத் தடுக்காது. ஆஸ்பிரின் புண் பெரும்பாலும் வலிக்காமலே வருகிறது.

குளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் ஒமெப்ரசோலையும் எசோமெப்ரசோலையும் தவிர்ப்பது நல்லது. குளோபிடோக்ரெல் வேலை செய்ய ஈரலில் மாற்றமடைய வேண்டும். இவை அந்த மாற்றத்தைத் தடுக்கின்றன. பான்டோப்ரசோலில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

ஆஸ்பிரினுக்குப் பதில் குளோபிடோக்ரெலுக்கு மாறினால் வயிறு தப்பிக்கும் என்பதும் சரியில்லை. முன்பு புண் கசிந்தவர்களிடம் 2005-ல் வந்த ஆய்வில், குளோபிடோக்ரெல் மட்டும் எடுத்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்கு மறுபடி கசிந்தது. ஆஸ்பிரினோடு எசோமெப்ரசோல் எடுத்தவர்களில் 0.7 சதவீதம்தான்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையின் பாதுகாப்பு சிறுகுடலின் தொடக்கம்வரைதான். அதற்குக் கீழே வரும் கசிவை இது தடுக்காது. பல ஆண்டு எடுப்பவர்களுக்கு மெக்னீசியம், பி12 குறையலாம், அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இரைப்பையில் வாழும் ஹெச். பைலோரி கிருமிக்கான பரிசோதனை தேவையா?

முன்பு புண் வந்தவர்களுக்குக் கட்டாயம் தேவை. இந்தக் கிருமியும் ஆஸ்பிரினும் சேர்ந்தால் புண் வருவது பெருகும். ஒருமுறை ஒழித்தால் அந்தப் பங்கு போய்விடும். ரத்தம் கசியும் நேரத்தில் எடுத்த பரிசோதனை பொய்யாக "இல்லை" என்று காட்டலாம், பிறகு திரும்பச் செய்ய வேண்டும். சிகிச்சையில் வரும் கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல் ஆகியவை வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். அந்த இரண்டு வாரத்தில் ஐஎன்ஆர் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

மூட்டுவலிக்கு என்ன எடுக்கலாம்?

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென், அசிக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம். தடுக்க முடிந்த ரத்தக்கசிவுகளில் பெரும் பங்கு, கடையில் சீட்டில்லாமல் வாங்கிய இந்த வலி மாத்திரைகளால் வருவதுதான். ஊசியாகப் போட்டாலும் இதே கதி. வயிற்றுக்குள் போகவில்லை என்பதால் பாதுகாப்பாகிவிடாது. ஐபுப்ரோஃபெனில் கூடுதல் கேடு ஒன்று: ஆஸ்பிரின் ஒட்ட வேண்டிய இடத்தில் இது முதலில் போய் உட்கார்ந்து ஆஸ்பிரினைப் பயனற்றதாக்கிவிடும்.

பாராசிட்டமால் எடுக்கலாம். வார்ஃபரின் எடுப்பவர்கள் நாளுக்கு 2 கிராம் வீதம் பல நாள் தொடர்ந்தால் ஐஎன்ஆர் ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை விழுங்கும் முறையில் நடக்கும் தவறுகள் எவை?

டாபிகாட்ரான் கேப்சூலைத் திறந்து பொடியைக் கரைத்துக் கொடுப்பது பெரிய தவறு. ரத்தத்தில் சேரும் அளவு முக்கால் பங்கு கூடிவிடும். விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. வேறு மருந்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். டாபிகாட்ரானை ஒரு டம்ளர் தண்ணீரோடு நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ரிவராக்ஸபான் 15, 20 மி.கி. மாத்திரையை உணவோடு எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு வீணாகிவிடும். எந்த மாத்திரையானாலும் ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடக் கூடாது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உண்டு, ஸ்டென்டும் உண்டு. மூன்று மாத்திரையும் (ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், உறைவுத் தடுப்பு மாத்திரை) எவ்வளவு நாள்?

முடிந்த அளவு குறைவாக. 2019-ல் வந்த ஆய்வில், இப்படிப்பட்டவர்களுக்கு ஆஸ்பிரினைச் சேர்த்தபோது ஆறு மாதத்தில் கவனிக்கத்தக்க ரத்தக்கசிவு 16.1 சதவீதம், சேர்க்காதபோது 9 சதவீதம். இன்று பெரும்பாலோருக்கு ஆஸ்பிரின் ஏறத்தாழ ஒரு வாரம், அடைப்பு அபாயம் மிகுந்தவர்களுக்கு ஒரு மாதம்வரை. பிறகு உறைவுத் தடுப்பு மாத்திரையும் குளோபிடோக்ரெலும் ஆறு முதல் பன்னிரண்டு மாதம். அதன்பின் உறைவுத் தடுப்பு மாத்திரை மட்டும். ஸ்டென்ட் வைத்து ஓராண்டு தாண்டியும் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தால், பழைய சீட்டை யாரும் திருத்தவில்லை என்றே பெரும்பாலும் அர்த்தம். கேளுங்கள்.

இதய நோய் எதுவும் இல்லை, முன்னெச்சரிக்கையாக ஆஸ்பிரின் எடுக்கலாமா?

60 வயதைத் தாண்டியவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டாம். 19,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில் இதய நோய் குறையவில்லை, பெரிய ரத்தக்கசிவுதான் கூடியது.

மூலம் இருப்பதால்தான் ரத்தம் வருகிறது என்று விட்டுவிடலாமா?

கூடாது. பெருங்குடல் புற்றுக்கட்டி, இந்த மாத்திரை எடுப்பவர்களிடம் சீக்கிரமே கசிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். மாத்திரைமீது பழியைப் போட்டு, பெருங்குடலுக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியைத் தள்ளிவைத்தால் கைக்கு வந்த வாய்ப்பு போய்விடும். இரும்புச்சத்துக் குறைவு ரத்தசோகைக்கும் இதே விதிதான்.

பெருநாடி வால்வு சுருங்கியவர்களுக்குக் குடலில் அடிக்கடி கசிவது ஏன்?

1958-ல் எட்வர்ட் ஹைட் என்ற மருத்துவர் இந்தத் தொடர்பைச் சுட்டிக்காட்டினார். குறுகிய வால்வு வழியாக ரத்தம் பீறிட்டுப் போகும்போது வான் வில்லிபிராண்ட் என்ற உறைவுப் புரதம் சிதைகிறது. குடலில் விரிந்து கிடக்கும் நுண்குழாய்கள் கசிகின்றன. வால்வை மாற்றினால் பலருக்குக் கசிவு அடங்கிவிடும்.

அவசரத்துக்கு எதைக் கையில் வைத்திருப்பது?

ஒரு சிறிய அட்டை போதும். மாத்திரைகளின் மருந்துப் பெயர், மி.கி. அளவு, வேளை; ஸ்டென்ட் வைத்த தேதியும் எத்தனை என்பதும்; வால்வு உலோகமா திசுவா என்பது; கடைசியாகப் பார்த்த ஹீமோகுளோபின், கிரியாட்டினின், ஐஎன்ஆர். பணப்பையில் ஒன்று, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் ஒன்று. இவற்றோடு, கடைசி வேளை மாத்திரையை எத்தனை மணிக்கு விழுங்கினார் என்பதைக் கூட வருபவர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். முறிமருந்து போடுவதா, காத்திருப்பதா என்பதை அவசரப் பிரிவு மருத்துவர் முடிவுசெய்ய அந்த நேரம் வேண்டும்.